நீர்மூழ்கிக் கப்பலில் பேரனோடு ஓர் இரவு

“தாத்தா, உங்களால நல்லா குனிய முடியுமா?”

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய பத்தாம் நாள் பேரன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுக்குப் பதினோரு வயது. எனக்கு அறுபத்து மூன்று. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்தா இதைக் கேட்க வேண்டும்?

விஷயம் இதுதான். அவன் சேர்ந்திருந்த சிறுவர் குழுவுக்கு அந்த சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலில் தங்க ஏற்பாடாகியிருந்தது. பிள்ளைகள் இருபத்து நான்கு பேர். துணைக்குப் பெரியவர்கள் ஆறு பேர். மாப்பிள்ளை போவதாக இருந்தது, கடைசி நேரத்தில் ஆபீஸ் வேலை வந்து விழுந்தது. மகளோ கைக்குழந்தைக்காரி. மிச்சம் இருந்தது நான்தான். கொரோனாவுக்கு முந்தைய வருடம், ஏப்ரல் மாதம் அது.

“கப்பல் ஓடுமாடா?”

“ஓடாது தாத்தா. மியூசியம். கட்டிப் போட்டிருக்காங்க. நாம உள்ள போய் மாலுமிங்க படுத்த பெட்லயே படுக்கணும்.”

நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. விசாகப்பட்டினம் போனவர்கள் ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மேல் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் வாங்கி ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கிவிடலாம். நானும் போயிருக்கிறேன். பின்னால் வருபவர்கள் முண்டியடிக்க, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதற்குள் இருப்பது என்பது வேறு சங்கதி.

கப்பலின் பெயர் பாம்பனிட்டோ. பாம்பன் பாலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது ஒரு மீனின் பெயர். அந்தக் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குப் பெரும்பாலும் மீன் பெயர்தான். 1943-ல் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் கட்டி முடித்து, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலுக்கு அனுப்பினார்கள். ஆறு முறை போருக்குப் போய், ஆறு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு முழுசாகத் திரும்பிய கப்பல். அந்தப் போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. திரும்பி வந்ததே பெரிய விஷயம். 1982 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மீனவர் துறையில் அருங்காட்சியகமாக மிதக்கிறது.

அந்தத் துறையில் கால் வைத்ததுமே நண்டு வேகும் வாசனை. தெருவோரம் பெரிய பெரிய அண்டாக்களில் நண்டை வேகவைத்து உடைத்துக் கொடுக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்காரனுக்கு அந்த வாசனை ஒன்றும் புதிது இல்லை. ஆனால், ஏப்ரல் மாதத்தில் பல் கிட்டிக்கும் குளிர் புதிது. 45-ம் எண் துறைமேடையில், ஒரு பெரிய சரக்குக் கப்பலுக்குப் பக்கத்தில், தண்ணீரோடு தண்ணீராகக் கறுப்பாக ஒன்று கிடந்தது. அந்தச் சரக்குக் கப்பலும் 1944-ல் நார்மண்டிக்குப் போய் வந்த சரித்திரக் கப்பல்தான். அதன் பக்கத்தில் நம்முடையது பாதி மூழ்கிய முதலை மாதிரி இருந்தது. 95 மீட்டர் நீளம். அகலமோ எட்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதிலும் உள்ளே நமக்குக் கிடைப்பது அதற்கும் குறைவு.

எங்களுக்குக் கப்பலைச் சுற்றிக்காட்டியவர் எழுபதைத் தாண்டிய தன்னார்வலர். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முதலில் அவர் சொன்னது மூன்று விஷயங்கள். கண்டதையும் திருகாதீர்கள். தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை அவசரம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கப்பலுக்குள் இருக்கும் கழிப்பறைகள் பார்ப்பதற்கு மட்டும்தான், போக வேண்டுமென்றால் ஏணி ஏறி மேடைக்கு வர வேண்டும். மூன்றாவது அறிவிப்பைக் கேட்டதும் பெரியவர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பின்பக்க டார்பிடோ அறை வழியாக இறங்கினோம். அறைக்கு அறை ஓர் இரும்புக் கதவு. கதவு என்றால் நாம் நினைக்கும் கதவு இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஆரம்பிக்கும் முட்டை வடிவ ஓட்டை. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, தலையைக் குனிந்து, உடம்பை நுழைத்து, பிறகு மறு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகாதபடி மூடி இறுக்கத்தான் இப்படி. பிள்ளைகள் தவளை மாதிரி தாவிப் போனார்கள். நான் மூன்றாவது கதவில் இடித்துக்கொண்டேன். ‘டங்’ என்ற சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கும்.

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குப் பிடித்த இடம், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றிவிடும் அறை. அங்கே நின்ற லீவர்களைப் பார்த்ததும், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் துணை மின்நிலையத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இந்தக் கப்பல் தண்ணீருக்கு மேலே போகும்போது நான்கு டீசல் எஞ்சின்களில் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு சின்ன லாரி அளவு இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் டீசல் எஞ்சினை ஓட்ட முடியாது, அதற்குக் காற்று வேண்டுமே. அதனால் பேட்டரிக்கு மாறிவிடுவார்கள். 252 பேட்டரி செல்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நினைக்காதீர்கள், ஒவ்வொன்றும் முக்கால் டன் எடை. அத்தனையும் ஆட்கள் படுக்கும் தரைக்குக் கீழேதான் இருந்தன. அதில் உப்புத் தண்ணீர் பட்டால் குளோரின் விஷவாயு வரும். அதற்கு மேலேதான் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

நடுவில் கட்டுப்பாட்டு அறை. சுற்றிச் சக்கரங்கள், அளவுமானிகள், குழாய்கள். இங்கே விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கு மட்டும் போட்டுக் காட்டினார். ராத்திரியில் மேலே ஏறிக் கடலைப் பார்க்கப் போகிறவனின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காகச் சிவப்பு விளக்கு. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒருத்தன் ‘டைவ், டைவ்’ என்று கத்த, இன்னொருத்தி செத்து விழுந்து காட்டினாள்.

முன்பக்க டார்பிடோ அறையில் ஆறு குழாய்கள், பின்பக்கம் நான்கு. ஒரு டார்பிடோ ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஒன்றரை டன் அளவுக்கு எடை. அதற்கு மேலேயும் பக்கத்திலும் படுக்கைகள். கட்டிலுக்கு அடியில் வெடிகுண்டு வைத்துக்கொண்டு தூங்குவது என்று சொல்வோமே, அதேதான். பேரன் அங்கேதான் படுப்பேன் என்றான். எல்லாப் பையன்களும் அதையே சொன்னதால் சீட்டுக் குலுக்கினார்கள். அவனுக்கு விழவில்லை. தாத்தாவோடு மாலுமிகள் படுக்கும் அறையில் இடம் கிடைத்தது. கண் கலங்கிவிட்டான், பாவம்.

அந்த மாலுமி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலில் நாம் மூன்றடுக்குப் பெர்த் பார்த்திருக்கிறோம். அதையே இன்னும் குறுக்கி, இன்னும் நெருக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகளை ஒரே அறையில் தொங்கவிட்டால் எப்படி? சங்கிலியில் மாட்டிய இரும்புச் சட்டம், மேலே மெல்லிய மெத்தை. நான் நடு அடுக்கில் படுத்துப் பார்த்தேன். மேல் படுக்கை மூக்குக்கு மேலே ஒரு முழம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் இறங்கி, திரும்பி, மறுபடி ஏறத்தான் வேண்டும். கப்பலில் சுமார் 80 பேர். ஒருத்தன் காவலுக்குப் போனால் அவன் சூடு ஆறுமுன் அதே படுக்கையில் இன்னொருத்தன். குளியல் அபூர்வம். கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் நல்ல தண்ணீர் முதலில் பேட்டரிக்கு, அப்புறம் சமையலுக்கு. ஆளுக்கு மிஞ்சுவது சொற்பம். இரண்டு மாதம் குளிக்காத எண்பது ஆண்கள், டீசல் புகை, சமையல் வாசனை. அதைக் கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

சாப்பாட்டு அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டு முடித்தோம். பெரியவர் ஓர் ஆல்பத்தை மேஜையில் வைத்தார். “இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். இந்தக் கதைக்காகத்தான் நான் இந்தக் கப்பலுக்கு வேலை செய்ய வந்தேன்” என்றார்.

1944 செப்டம்பர். சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு ஒரு கப்பல் வரிசை போகிறது. அதைத் தாக்க மூன்று அமெரிக்க நீர்மூழ்கிகள் தென் சீனக் கடலில் காத்திருக்கின்றன. பாம்பனிட்டோ, சீலயன், குரோலர். 12-ம் தேதி விடியற்காலையில் தாக்குதல் ஆரம்பித்தது. சீலயன் போட்ட டார்பிடோவில் ராகுயோ மாரு என்ற கப்பல் அடிபட்டது. அன்று ராத்திரி பாம்பனிட்டோ துரத்திப் போய் கச்சிடோகி மாரு என்ற கப்பலை மூழ்கடித்தது. இதில் ஒரு விசித்திரம். கச்சிடோகி மாரு அமெரிக்காவில் கட்டிய கப்பல். 1941 டிசம்பரில் ஜப்பான் அதைப் பிடித்துப் பெயரை மாற்றியிருந்தது.

நீர்மூழ்கிக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த இரண்டு கப்பல்களிலும் சரக்கு மட்டும் இல்லை, மனிதர்களும் இருந்தார்கள். ராகுயோ மாருவில் சுமார் 1,300 பேர், கச்சிடோகி மாருவில் 900 பேர். ஜப்பானிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள். ஜப்பானில் வேலை வாங்கக் கொண்டுபோனார்கள். கைதிகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் கப்பல்களில் இல்லை.

ஒரு சீனப் பெண் குழந்தை, பத்து வயது இருக்கும், கையைத் தூக்கினாள். “அப்படியென்றால் நாம் இருக்கும் இந்தக் கப்பல் நம் பக்கத்து ஆட்கள் இருந்த கப்பலையே மூழ்கடித்ததா?”

பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. “ஆமாம்” என்றார். கொஞ்ச நேரம் பீட்சா அட்டையைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

ராகுயோ மாரு மூழ்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. ஜப்பானியக் கப்பல்கள் வந்து தங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. கைதிகள் கடலில் விடப்பட்டார்கள். உடைந்த பலகைகளைக் கட்டித் தெப்பமாக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் கச்சா எண்ணெய் அப்பி, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மிதந்தார்கள். மூன்று நாள் கழித்து, 15-ம் தேதி பிற்பகல், தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பாம்பனிட்டோ, தண்ணீரில் ஆட்கள் தத்தளிப்பதைப் பார்த்தது. முதலில் ஜப்பானியர்கள் என்று நினைத்துத் துப்பாக்கியோடுதான் நெருங்கினார்கள். தெப்பத்திலிருந்து ஆங்கிலம் கேட்டது.

அப்புறம் நடந்ததைத்தான் அந்த ஆல்பத்தில் பார்த்தோம். மாலுமிகளே எடுத்த புகைப்படங்கள். எண்ணெயில் கறுத்த எலும்புக்கூடுகளைக் கைத்தாங்கலாகக் கப்பலின் மேல் தளத்துக்கு ஏற்றுகிறார்கள். சில மாலுமிகள் கயிற்றோடு கடலில் குதித்து நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறார்கள். எதிரி விமானம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் கப்பல் உடனே மூழ்க வேண்டும், மேலே நிற்பவர்கள் கதி அதோகதிதான். கேப்டன் பால் சம்மர்ஸ் இருட்டும் வரை தேடச் சொன்னார். மொத்தம் 73 பேரை ஏற்றினார்கள். இடம் போதாததால் மற்ற நீர்மூழ்கிகளுக்கும் வானொலியில் சொன்னார்கள். சீலயன் 54 பேரைக் காப்பாற்றியது. இரண்டு நாள் கழித்து வந்த பார்ப், குவீன்ஃபிஷ் கப்பல்களுக்கு இன்னும் 32 பேர் கிடைத்தார்கள். அந்த இரண்டு கப்பல்களிலும் போன கைதிகளில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

எண்பது பேருக்கே இடம் இல்லாத கப்பலில் இன்னும் 73 பேர். மருத்துவர் கிடையாது. மாரிஸ் டெமர்ஸ் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் மட்டும். அவரும் மற்றவர்களும் எண்ணெயைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் சூப்பும் கொடுத்துத் தேற்றினார்கள். மாலுமிகள் தங்கள் படுக்கைகளை விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் பிழைக்கவில்லை, கடலில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை 20-ம் தேதி சைப்பன் தீவில் கரை சேர்த்தார்கள்.

“நீங்கள் இன்று படுக்கப் போகும் படுக்கைகளில்தான் அவர்கள் படுத்திருந்தார்கள்” என்றார் பெரியவர். பேரன் என்னைப் பார்த்தான். டார்பிடோ அறை கிடைக்காத வருத்தம் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

அதற்கு அடுத்து அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியம் என்னை உட்காரவைத்தது. அந்தக் கைதிகள் அதற்குமுன் எங்கே வேலை செய்தார்கள் தெரியுமா? சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடு மலையெல்லாம் வெட்டி ஜப்பான் போட்ட ரயில் பாதையில். கைதிகள் அங்கே எப்படிச் செத்தார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்லி வெளி உலகம் முதன்முதலாகக் கேட்டது, இந்தக் கப்பல்களில் பிழைத்து வந்தவர்கள் வாயிலிருந்துதான். அந்த நவம்பரிலேயே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களில் அதைச் சொன்னார்கள்.

சயாம் ரயில். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம்.

என் பெரிய மாமா, அதாவது அம்மாவின் மூத்த அண்ணன், 1937-ல் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனார். அப்போது அவருக்குப் பதினேழு வயது, அம்மாவுக்கு ஏழு. பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. கடிதம் வரும், மணியார்டர் வரும். 1941 கடைசியில் நின்றுபோனது. ஜப்பான் மலாயாவுக்குள் நுழைந்துவிட்டது. போர் முடிந்து, 1946-ல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். தோட்டத்துக்கு லாரி வந்ததாகவும், மாமாவைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அவ்வளவுதான் தகவல். இன்று வரைக்கும் அவ்வளவுதான்.

அம்மாச்சி அதை நம்பவில்லை. பையன் வருவான் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போது மாமாவுக்கும் ஒரு இலை போடலாமா என்று தாத்தா ஒருமுறை கேட்டுவிட்டார். அம்மாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்றைக்குச் செத்தார் என்று தெரியாது, எனவே திதி கிடையாது. செத்தாரா என்றே தெரியாது, எனவே இலையும் கிடையாது.

415 கிலோமீட்டர் பாதை அது. 1942-ல் ஆரம்பித்து, 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பேர் ஆசியக் கூலிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மட்டும் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, பட்டினி. கைதிகள் முகாமிலாவது அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், செத்தவர் பெயரை ரகசியமாகவாவது எழுதிவைத்தார்கள். கூலிகள் முகாமில் எழுத யார்? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். படத்தில் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். “தமிழர்கள்” என்ற சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கூலிகள் இருந்தார்கள் என்று தெரியும், ஆனால் அவர்கள் வீட்டு ஆள் ஒருவரை இதுவரை பார்த்ததில்லை என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த குழுவுக்குக் கதை சொல்லும்போது சேர்த்துக்கொள்வாரோ என்னவோ.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். தூக்கமா வரும்? துறையில் கட்டிய கப்பல் என்றாலும் தண்ணீர் கப்பல் வயிற்றில் ‘களக் களக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கோ இரும்பு முனகுகிறது. பக்கத்து 39-ம் எண் துறையில் கடல் சிங்கங்கள் கூட்டமாகக் கிடக்கும். அவை ராத்திரியெல்லாம் தெருநாய் மாதிரி குரைக்கின்றன. போதாததற்கு மூடுபனிக்கு ஊதும் சங்கு.

குழுத் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை, கெட்டிக்காரப் பெண்மணி. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அரை மணிக்கு ஒரு ஜோடி காவல் என்று போட்டிருந்தார், மாலுமிகளைப் போலவே. காவலில் இருப்பவர்கள் நோட்டில் நேரம் போட்டு நடப்பதை எழுத வேண்டும். மறுநாள் அந்த நோட்டை வாசித்துக் காட்டினார்கள். ‘11.30. கடல் சிங்கம் கத்துகிறது. 11.40. இன்னும் கத்துகிறது. 11.50. அது கடல் சிங்கம் இல்லை. இந்தியத் தாத்தா குறட்டை.’ நான் தூங்கவே இல்லை என்று மகளிடம் இன்று வரைக்கும் சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

பேரனின் முறை இரண்டு மணிக்கு. அவன் ஜோடிப் பையன் எழுந்திருக்க மறுத்துவிட்டதால் நான் துணைக்கு உட்கார்ந்தேன். சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு சின்ன விளக்கு. இரண்டு பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிரெதிரே.

“தாத்தா, உங்க மாமாவும் இந்தக் கப்பல்ல ஏறினாரா?”

“இல்லடா.”

“ஏன்? அவரும் அதே ட்ரெயின் ட்ராக்லதானே வேலை பார்த்தார்?”

“இங்க வந்தவங்க சோல்ஜருங்க. அவங்களை ஜப்பானுக்கு ஏத்திட்டுப் போனாங்க. மாமா மாதிரி ஆளுங்கள ஏத்தல. காட்டுலயே விட்டுட்டாங்க.”

“அப்புறம் யாரு அவங்களைத் தேடினாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. போர் முடிந்தபின் பிழைத்துக் கிடந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மலாயாவுக்குத் திரும்பினார்கள், கொஞ்சம் பேர் ஊருக்கும் வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டான். மாமாவின் பெயரைக் கேட்டான். சொன்னேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எழுத்துக் கூட்டச் சொன்னான். பெரிய பெயர், இரண்டு முறை அடித்து எழுதினான். ஊர்ப் பெயரைக் கேட்டான். வயதைக் கேட்டான்.

“எந்த வயசு? போனப்பவா, காணாமப் போனப்பவா?”

யோசித்துவிட்டு இரண்டையும் எழுதினான். பதினேழு. இருபத்திரண்டு.

“இது ரூல்ஸ்ல இருக்காடா? நடக்கறதத்தானே எழுதச் சொன்னாங்க?”

“நாம பேசறது நடக்கறதுதானே தாத்தா.”

இரண்டரைக்கு அடுத்த ஜோடியை எழுப்பிவிட்டுப் படுத்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் அவன் மூச்சு மாறியது. நான் மேல் படுக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஐந்து நாள் கிடந்த எவனோ ஒருத்தன் அந்தக் காட்டில் மாமாவைப் பார்த்திருக்கலாம். பக்கத்து முகாமில் மண் சுமக்கும் ஒரு கறுத்த பையனை. பார்த்தும் பெயர் தெரிந்திருக்காது.

காலை ஆறரைக்கே எழுப்பிவிட்டார்கள். பொதுமக்கள் வருவதற்கு முன் காலி செய்ய வேண்டும். இப்படித் தங்க ஆசைப்படுபவர்களுக்கு அனுபவத்தில் இரண்டு வார்த்தை. போவதற்குமுன் ராத்திரி தங்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி கொண்டுபோகாதீர்கள், வைக்க இடமில்லை. போர்வைப் பை, கம்பளிக் குல்லா, காதுக்குப் பஞ்சு, கையில் ஒரு டார்ச். முழங்கால் வலி உள்ளவர்கள், மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் பகலில் பார்த்துவிட்டு வருவது உத்தமம். இதில் முதல் வகையான நான் போனேன், வந்தேன், இரண்டு நாள் கால் மடக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட்டால் போவேன்.

மேடைக்கு வந்து வெயிலில் நின்றதும் அம்மாவுக்கு போன் போட்டேன். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை. அம்மாவுக்கு எண்பத்தொன்பது வயது, காது நன்றாகவே கேட்கும். ராத்திரி படுத்த இடம், அந்தக் கதை, 73 பேர், சயாம் ரயில் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

“மூணு நாளா கடல்ல கெடந்தாங்களா?”

“ஆமாம்மா.”

“மொதல்ல தண்ணி குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா.”

“நம்ம ஆளு யாரும் அதுல இல்லையா?”

“இல்லம்மா. வெள்ளக்காரங்க மட்டுந்தான்.”

போனில் கொஞ்ச நேரம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது.

“சரி,” என்றார் அம்மா. “புள்ள ஏதாவது சாப்பிட்டானா? அவங்கிட்ட குடு.”

பேரன் போனை வாங்கிக்கொண்டு, தான் நோட்டில் எழுதியதைச் சொல்ல ஆரம்பித்தான்.